ஹென்றி கவெல்: முன்கையால் பியானோ வாசித்தவர், முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹென்றி கவெல் என்றதும் பலரும் கேட்பது, "பியானோவை முழங்கையால் இடித்தவர்தானே?" என்றுதான். ஆமாம், அவரேதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவருடைய ஆசிரியர் வாழ்க்கை முழுவதும் விடுபட்டுப் போகும். இருபதாம் நூற்றாண்டின் சோதனை இசைக்கு அவர் கொடுத்ததில் பாதி மேடையிலிருந்து வந்தது, மறுபாதி வகுப்பறையிலிருந்து வந்தது. வகுப்பறைப் பங்குதான் பெரியது என்பது என் எண்ணம். அதனால் இந்தக் கேள்வி பதில்களில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

ஹென்றி கவெல் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்கப் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், எழுத்தாளர், பதிப்பாளர், ஆசிரியர். 1897 மார்ச் 11 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பிறந்தார். 1965 டிசம்பர் 10 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஷேடி என்ற சிற்றூரில் காலமானார். முழுமையாக எழுதி முடித்த சிம்பொனிகள் மட்டுமே இருபது. சின்னதும் பெரியதுமாக எல்லாப் படைப்புகளையும் எண்ணினால் தொள்ளாயிரத்தைத் தாண்டும்.

அவர் பள்ளிக்கூடமே போகவில்லை என்கிறார்களே, உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. அப்பா அயர்லாந்திலிருந்து குடியேறியவர், அம்மா கிளாரிஸா டிக்ஸன் எழுத்தாளர். அவர்கள் பிரிந்த பிறகு சிறுவன் அம்மாவிடம் வளர்ந்தான். வயலின்தான் முதலில் கற்ற வாத்தியம். 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியபோது இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பி, சில ஆண்டுகள் உறவினர் வீடுகளில் தங்கி அலைந்துவிட்டு மென்லோ பார்க்குக்கே திரும்பினார்கள். அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை. வீட்டுச் செலவுக்காகப் பையன் மாடு மேய்த்தான், பள்ளிக்கூடத்தைப் பெருக்கினான், காட்டுச் செடிகளைச் சேகரித்து விற்றான். பக்கத்திலேயே இருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் அவனைச் சோதித்துப் பார்த்து வியந்து, 1919-இல் வெளியான தன் நூலில் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பழைய பியானோ ஒன்றை வாங்கியபோது அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். அதை எப்படி வாசிக்கக் கூடாது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அவருக்கு ஆசிரியரே இல்லையா?

இருந்தார், அதுவும் அருமையான ஆசிரியர். 1914-இல் நண்பர்கள் திரட்டிக் கொடுத்த உதவியோடு பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் கவெல். அங்கே இசைப் பேராசிரியர் சார்ல்ஸ் சீகர் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். கையில் ஏற்கெனவே நூற்றுக்கும் மேற்பட்ட இசைத்துண்டுகளை வைத்திருந்த இந்தப் பதினேழு வயதுப் பையனை என்ன செய்வது என்று சீகர் யோசித்திருக்க வேண்டும். அவர் தேர்ந்த வழி இது: பழைய முறையில் இசைவும் (ஹார்மனி) எதிர்சுரமும் (கவுன்டர்பாயின்ட்) ஒரு பக்கம் ஒழுங்காகப் படிக்கட்டும், இன்னொரு பக்கம் தன் சோதனைகளை நிறுத்தாமல் தொடரட்டும். கூடவே ஒரு நிபந்தனை. புதிதாக ஒன்றைச் செய்தால் அதற்குப் பின்னால் உள்ள ஒழுங்கை யோசித்து எழுத வேண்டும், அந்த ஒழுங்கை வைத்து நிறையப் படைப்புகளும் எழுதிக் காட்ட வேண்டும்.

இப்படிப் பிறந்ததுதான் 'நியூ மியூசிகல் ரிசோர்சஸ்' என்ற நூல். 1916-க்கும் 1919-க்கும் இடையில் எழுதியது, 1930-இல்தான் அச்சில் வந்தது. சீகர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தையே கவெல் பிற்பாடு தன் மாணவர்களிடம் கடைப்பிடித்தார். அதைக் கீழே பார்க்கலாம்.

முன்கையால் பியானோ வாசிப்பது என்றால் சரியாக என்ன?

அடுத்தடுத்த பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது. இதை டோன் கிளஸ்டர் என்பார்கள், தமிழில் சுரக்கொத்து என்று சொல்லலாம். சின்னக் கொத்து என்றால் விரல்கள் போதும். கொஞ்சம் பெரியதென்றால் உள்ளங்கையோ முஷ்டியோ. இரண்டு ஸ்தாயி அகலத்துக்கு வேண்டுமென்றால் முழங்கை முதல் கை வரை முன்கை முழுவதையும் கட்டைகள் மேல் வைக்க வேண்டும். வெள்ளைக் கட்டைகளில் மட்டும், கறுப்புக் கட்டைகளில் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று வகை உண்டு. மூன்றின் நிறமும் வேறு வேறு.

கேட்க வேண்டிய முதல் உதாரணம் 'தி டைட்ஸ் ஆஃப் மனோனான்'. 1912-இல் எழுதியது என்று நெடுநாள் சொல்லப்பட்டது. உண்மையில் 1917-இல், ஐரிஷ் புராணக் கதையை வைத்து நடந்த ஒரு நாடக நிகழ்ச்சிக்கு முன்னிசையாக எழுதப்பட்டது. மனோனான் அந்தப் புராணத்தில் அலைகளை அனுப்பும் கடவுள். இடது முன்கை கீழ் ஸ்தாயியில் மெதுவாக எழுந்து விழுகிறது, வலது கை நாட்டுப்புறப் பாட்டு மாதிரி எளிய ஒரு மெட்டைப் பாடுகிறது. அந்த அடிஒலியில் தனிச் சுரம் எதையும் நீங்கள் பிரித்துக் கேட்க முடியாது. பெரிய நீர்ப்பரப்பு ஒன்று அசைவதைத்தான் உணர்வீர்கள்.

இதெல்லாம் வெறும் சத்தம் இல்லையா? குழந்தைகூடச் செய்யுமே?

குழந்தை கட்டைகள் மேல் கையை வைத்தால் ஒலி வரும். ஆனால் கவெல் எழுதியதில் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை, எவ்வளவு நேரம், எவ்வளவு மென்மையாக என்பதெல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். கொத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் தவறக் கூடாது. இரண்டையும் இணைக்கும் கனமான கோடு ஒன்றை வரைந்து அவர் எழுதிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாசித்துப் பார்த்தால் இதன் கஷ்டம் தெரியும். கையை விறைப்பாக வைத்து இடித்தால் தகரம் மாதிரி ஒலிக்கும். கையின் எடையைத் தளர்வாக இறக்கினால்தான் எல்லாச் சுரமும் ஒரே கணத்தில், ஒரே அளவில் எழும்.

அவருடைய வாதமும் எளிமையானது. ஒரு தந்தி அதிரும்போது அடிச்சுரத்தோடு மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மேலே போகப் போக அவற்றுக்கு இடையே உள்ள தூரம் குறைந்துகொண்டே வருகிறது: முதலில் ஸ்தாயி, அப்புறம் பஞ்சமம், மத்திமம், காந்தாரம், அதற்கும் மேலே ரிஷப அளவு. ஐரோப்பிய இசை வரலாறும் இதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது என்றார் அவர். காந்தார இடைவெளிகளை அடுக்கிய கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுர அடுக்கு) எல்லோருக்கும் பழகிவிட்டது, அடுத்த படி ரிஷப இடைவெளிகளை அடுக்குவது. வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் போனதா என்று விவாதிக்கலாம். ஆனால் கவெல் அந்த ஒலியை மனம்போனபடி எடுத்துக்கொள்ளவில்லை, யோசித்து எடுத்தார் என்பதற்கு இந்த வாதமே சாட்சி.

சுரக்கொத்தை முதலில் கண்டுபிடித்தவர் இவர்தானா?

இல்லை. பியானோ கலைஞர் லியோ ஆர்ன்ஸ்டைன் அதே காலத்தில், இன்னும் சொன்னால் கொஞ்சம் முன்பே, விரல்களால் அடர்ந்த கொத்துகளை வாசித்துப் பெயர் வாங்கியிருந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் தன் 'கான்கார்ட்' சொனாட்டாவில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டைகள் மேல் வைத்து அழுத்தும்படி எழுதியிருக்கிறார். கவெல் செய்தது, அதை ஒரு முறையாக வளர்த்து, பெயரும் குறியீடும் கொடுத்து, ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டியது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக், தானும் இதைப் பயன்படுத்தலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டு எழுதினார் என்பது இசை வரலாற்றில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

இரண்டாகப் பிரிந்தார்கள். 1923-இல் முதல் ஐரோப்பியப் பயணம் போனபோது ஜெர்மனியின் லைப்சிக் நகர அரங்கில் ரசிகர்களுக்குள் கைகலப்பே நடந்து போலீஸ் வரவேண்டி வந்தது. கவெல் அதைக் கண்டுகொள்ளாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நாளிதழ்களுக்கு இது நல்ல தீனி. குத்துச்சண்டை வீரர் போலவெல்லாம் அவரைக் கேலி செய்து எழுதினார்கள். மறுபக்கம், பார்டோக், ஷோன்பெர்க் போன்ற இசையமைப்பாளர்கள் அவரை மதித்தார்கள். 1929-இல் சோவியத் யூனியனுக்குச் சென்ற அவருடைய இரண்டு படைப்புகளை அங்கே அரசுப் பதிப்பகமே வெளியிட்டது.

பியானோவுக்கு உள்ளே கையை விட்டு வாசித்தாராமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

'ஏயோலியன் ஹார்ப்' ஏறக்குறைய 1923-ஐச் சேர்ந்தது. இடது கை கட்டைகளைச் சத்தமே வராதபடி மெதுவாக அழுத்திப் பிடிக்கும். அழுத்திய கட்டைகளுக்கு உரிய தந்திகள் மட்டும் அடைப்பானிலிருந்து (தந்தியின் அதிர்வை அடக்கும் பாகம்) விடுபட்டிருக்கும். வலது கை உள்ளே போய்த் தந்திகளின் மேல் குறுக்கே தடவும். எல்லாத் தந்திகளையும் தடவினாலும் விடுபட்ட தந்திகள்தான் நின்று பாடும், மற்றவை உடனே அடங்கிவிடும். காற்றில் தானாக ஒலிக்கும் யாழ் என்பது தலைப்பின் பொருள். கேட்டால் பொருத்தம் விளங்கும்.

'தி பான்ஷி' 1925. இதில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பெடலை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார். வாசிப்பவர் பியானோவின் பக்கவாட்டு வளைவில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் தந்திகளிலேயே வாசிப்பார். ஒரு கட்டையைக்கூட யாரும் தொடுவதில்லை. செம்புக்கம்பி சுற்றிய கீழ்த்தந்திகளின் நீளவாக்கில் விரல்சதையாலோ நகத்தாலோ இழுக்கும்போது எழும் ஒலி, மனிதக் குரல் தூரத்தில் ஓலமிடுவது போலவே இருக்கும். பான்ஷி என்பது ஐரிஷ் நம்பிக்கையில், வீட்டில் சாவு வரப்போவதை அழுது அறிவிக்கும் பெண் ஆவி. மின்சாரக் கருவி, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், நூறு வருடத்துக்கு முன்பு ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து இந்த ஒலியை எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

'சினிஸ்டர் ரெஸனன்ஸ்' 1930-ஐச் சேர்ந்தது. ஒரு கை கட்டையை அழுத்தும்போது மறு கை தந்தியை உள்ளே அமுக்கிப் பிடிக்கிறது, அல்லது லேசாகத் தொட்டு மேற்சுரத்தை வரவழைக்கிறது. வயலின்காரர் செய்வதைப் பியானோவில் செய்துபார்த்திருக்கிறார். முதல் வாத்தியம் வயலின் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் வீட்டுப் பியானோவில் செய்து பார்க்கலாமா?

சுரக்கொத்துக்குத் தடையே இல்லை, எந்தப் பியானோவும் தாங்கும். தந்தி வாசிப்புக்குக் கிடைமட்டமான கிராண்ட் பியானோ வேண்டும். நிமிர்ந்த பியானோவில் தந்திகளுக்கு முன்னால் சுத்தியல்கள் நிற்பதால் கை எட்டாது. கிராண்ட் கிடைத்தால், கையை நன்றாகக் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். தோலின் எண்ணெயும் வியர்வையும் எஃகுத் தந்தியில் துருவையும் செம்புச் சுற்றில் மங்கலையும் உண்டாக்கும். அடைப்பான்களைத் தொடாதீர்கள், அவை எளிதில் வளைந்துவிடும். வாசித்து முடித்ததும் தொட்ட இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். அரங்கத்துப் பியானோ என்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று செய்துகாட்டியே கேளுங்கள். மின்னணுக் கீபோர்டில் தந்திகளே கிடையாது என்பதால் இந்த மூன்று படைப்புகளும் அதில் சாத்தியமில்லை.

தாளத்தில் அவர் புதிதாக என்ன செய்தார்?

கர்நாடக இசையில் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சதுஸ்ர நடையின் மேல் திஸ்ர நடையை ஓட விட்டால் நாலுக்கு மூன்று என்ற உரசல் உண்டாகிறது அல்லவா? கவெல் இந்த எண் விகிதத்தைச் சுருதிக்கும் பொதுவாக்கினார். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் அதிர்வெண்ணில் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று. அப்படியென்றால் இரண்டு அடிக்கு மூன்று அடி என்ற தாளமும் பஞ்சம உறவின் இன்னொரு வடிவம். சுருதியும் தாளமும் ஒரே விஷயம்தான், ஒன்று வேகமாக நடக்கிறது, இன்னொன்று மெதுவாக நடக்கிறது.

இதை வைத்து 1915-க்கும் 1919-க்கும் இடையில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் இரண்டு படைப்புகளையும், 1920-இல் 'ஃபேப்ரிக்' என்ற பியானோ படைப்பையும் எழுதினார். ஐந்து, ஏழு, ஒன்பது என்று பிரியும் சுரங்களைக் காட்ட முக்கோணம், சாய்சதுரம் மாதிரி வெவ்வேறு வடிவத் தலைகள் கொண்ட குறிகளையே உருவாக்கினார். மனிதர்கள் இவற்றை வாசிக்க முடியாவிட்டால் தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளில் துளையிட்டு வாசிக்க வைக்கலாம் என்று நூலில் ஓர் இடத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் கான்லன் நான்கேரோ அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். மெக்ஸிகோ நகரில் பல பத்தாண்டுகள் தனியாக உட்கார்ந்து, கையால் துளையிட்டு, மனிதக் கைக்கு எட்டாத வேகங்களில் ஓடும் படைப்புகளை உருவாக்கினார்.

ரிதமிகான் என்பது என்ன?

மேலே சொன்ன யோசனையை இயந்திரமாக்கியது. கையால் தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற மின்னணு வாத்தியத்தைக் கண்டுபிடித்த லியோன் தெரமினிடம் கேட்டு, 1931-இல் கவெல் செய்வித்தது. விளக்கொளி, சுழலும் துளைத்தகடுகள், ஒளி உணரி ஆகியவற்றால் இயங்கியது. முதல் கட்டையை அழுத்தினால் அடிச்சுரம் ஒரு காலத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். இரண்டாவது கட்டை அதற்கடுத்த மேற்சுரத்தை இரண்டு முறை, மூன்றாவது மூன்று முறை என்று பதினாறு வரை போகும். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் பல நடைகள் ஒன்றாக ஓடும். 1932 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. உலகின் முதல் மின்னணுத் தாளக் கருவி என்று இதைச் சொல்வதுண்டு. அதற்காக அவர் எழுதிய 'ரிதமிகானா' அவர் காலத்தில் மேடையேறவே இல்லை. 1971-இல் ஸ்டான்ஃபோர்டில், கணினியின் துணையோடுதான் முதல்முறை ஒலித்தது.

அவரிடம் யாரெல்லாம் படித்தார்கள்?

ஜான் கேஜ், லூ ஹாரிசன், ஜார்ஜ் கெர்ஷ்வின். பிற்காலத்தில் பர்ட் பக்கராக்.

இந்த நான்கு பெயர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கெர்ஷ்வின் பிராட்வே மெட்டுகளின் மன்னர். கேஜ் மௌனத்தையும் தற்செயலையும் இசைக்குள் கொண்டுவந்தவர். ஹாரிசன் ஜாவாவின் கேமலான் வாத்தியக் கூட்டத்தையே அமெரிக்காவில் செய்து அதற்கு எழுதியவர். பக்கராக் வானொலியில் எல்லோரும் முணுமுணுத்த பாடல்களைப் போட்டவர். ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. யாருமே கவெல் மாதிரியும் எழுதவில்லை. ஒரு ஆசிரியரைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. தன் பாணியை நகலெடுக்கும் சீடர்களை உருவாக்குவது எளிது. மாணவர் எதைத் தேடுகிறார் என்று பார்த்து, அதற்கான கதவை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதற்குத் தன்னம்பிக்கையும் தாராளமும் வேண்டும்.

கேஜ் விஷயத்தில் இது நன்றாகவே தெரிகிறது. 1934-இல் நியூயார்க் வந்து கவெலின் வகுப்பில் உட்கார்ந்த அந்த இளைஞரை, ஷோன்பெர்க்கிடம் போய்ப் படி என்று அனுப்பியவரே கவெல்தான். தன்னிடமே வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. பியானோத் தந்திகளுக்கு இடையில் திருகாணி, ரப்பர் எல்லாம் செருகி ஒலியை மாற்றும் 'தயாரிக்கப்பட்ட பியானோ'வைக் கேஜ் சில ஆண்டுகள் கழித்து உருவாக்கியபோது, கவெல் தந்திகளில் வாசித்ததைப் பார்த்தது அதற்கு ஒரு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். கேஜும் ஹாரிசனும் அறிமுகமாகி, தாளவாத்தியக் கச்சேரிகளைச் சேர்ந்து நடத்தியதற்குப் பின்னாலும் கவெல் இருந்தார்.

எங்கே பாடம் நடத்தினார்? வகுப்பு எப்படி இருந்தது?

முக்கியமான இடம் நியூயார்க்கின் நியூ ஸ்கூல். பட்டம், நுழைவுத்தகுதி எதுவும் கேட்காமல் வயதுவந்தவர்களுக்காக நடந்த கல்விக்கூடம். 1920-களின் இறுதியிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை, இடையில் ஒரு துயரமான இடைவெளியோடு, அங்கே பாடம் நடத்தினார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியிலும் கற்பித்தார்.

அவருடைய பெயர்பெற்ற பாடம் உலக மக்களின் இசை பற்றியது. ஐரோப்பிய இசையை மட்டுமே இசை என்று கல்லூரிகள் நினைத்த காலம் அது. கவெல் இசைத்தட்டுகளைப் போட்டுக்காட்டினார், நியூயார்க்கில் இருந்த பல நாட்டுக் கலைஞர்களை வகுப்புக்கே அழைத்து வந்து வாசிக்க வைத்தார். இசையமைப்பு படிக்க வந்தவர்கள் ஜாவாவின் கேமலானையும் ஜப்பானின் ஷாகுஹாச்சிப் புல்லாங்குழலையும் கேட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் தொகுத்த உலக இசைத்தட்டு வரிசை இந்த வகுப்பின் நீட்சிதான்.

கர்நாடக இசையோடு அவருக்கு உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் முறையான தொடர்பு. 1931-இல் கூகன்ஹைம் நிதிநல்கை பெற்று பெர்லின் போனார். அங்கே எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டல் தலைமையில், உலகெங்கும் மெழுகு உருளைகளில் பதிவு செய்த இசையைச் சேர்த்துவைத்த ஆவணக் காப்பகம் இருந்தது. பல மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பதோடு நிற்காமல், அப்போது ஜெர்மனியில் இருந்த பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக இசை இலக்கணத்தையும், ஜாவாக் கலைஞர் ராடன் மாஸ் ஜோஜனாவிடம் கேமலானையும் கற்றார்.

சாம்பமூர்த்தி நமக்குப் புதியவர் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை வழிநடத்தியவர், தென்னிந்திய இசை பற்றி அவர் பல தொகுதிகளாக எழுதிய பாடநூல்களை இன்றும் இசை மாணவர்கள் புரட்டுகிறார்கள். அமெரிக்கச் சோதனை இசையின் தலைமகன் ஒருவர் ராகம், தாளம் என்று பாடம் கேட்டது நம்மூர்ப் பேராசிரியரிடம் என்பது இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

'மெட்ராஸ்' சிம்பொனி என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. அவருடைய 13-ஆம் சிம்பொனிக்கு அந்தப் பெயர். 1956-57-இல் மனைவி சிட்னியோடு அயர்லாந்து, துருக்கி, இந்தியா, ஈரான், ஜப்பான் என்று நீண்ட பயணம் போனார். அப்போது சென்னைக்கும் வந்தார். அந்தத் தாக்கத்தில் 1958-க்குள் எழுதி முடித்தது இது. சிறிய மேற்கத்திய இசைக்குழுவோடு ஜலதரங்கமும் தபலாவும் சேரும். 1959-இல் தாமஸ் ஷெர்மன் நடத்திய நியூயார்க்கின் லிட்டில் ஆர்கெஸ்ட்ரா அதைச் சென்னையிலேயே முதன்முதலாக வாசித்தது.

இதில் ஒரு ராக ஆலாபனையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். அதே பயணத்தில் ஈரானில் எழுதிய 'பெர்ஷியன் செட்' பற்றிக் கவெல் சொன்னதை இங்கேயும் நினைவில் கொள்வது உதவும்: அந்நாட்டு மெட்டுகளை எடுத்தாளவோ அப்படியே போலச் செய்யவோ தான் முயலவில்லை, இரண்டு மரபுக்கும் பொதுவான இசைப்போக்குகளை வளர்த்துப் பார்த்ததாகச் சொன்னார்.

சிறைக்குப் போனார் என்பது சரியா?

சரி. 1936-இல் கலிஃபோர்னியாவில் ஒருபாலுறவு தொடர்பான குற்றச்சாட்டில் கைதானார். பதினைந்து ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, சான் குவென்டின் சிறையில் நான்கு ஆண்டுகள் இருந்தார். நெருங்கிய நண்பர் ஐவ்ஸ்கூடச் சில காலம் தொடர்பை நிறுத்திக்கொண்டார். பலர் கைவிடவில்லை. லூ ஹாரிசன் சிறைக்கே போய்ப் பாடம் கேட்டார்.

சிறையிலும் கவெல் செய்தது கற்பிப்பதைத்தான். கைதிகளுக்கு இசை வகுப்பு எடுத்தார், சிறை இசைக்குழுவை நடத்தினார், ஏராளமாக எழுதினார். கேஜின் தாளவாத்தியக் குழுவுக்காக 'பல்ஸ்' என்ற படைப்பு 1939-இல் அங்கிருந்துதான் வந்தது. வெளியே நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமுக்கு இசை தேவைப்பட்டபோது, ஒத்திகைக்குப் போக முடியாத கவெல், நடனத்தின் நீளத்துக்கு ஏற்ப நீட்டவும் குறைக்கவும் கோக்கவும் கூடிய தனித்தனித் துண்டுகளாக எழுதி அனுப்பினார். படைப்பின் இறுதி வடிவத்தை வாசிப்பவரிடம் ஒப்படைக்கும் இந்த வழி, அடுத்த தலைமுறையில் ஒரு பெரிய போக்காகவே வளர்ந்தது.

1940-இல் பரோலில் வெளிவந்து, இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சரிடம் செயலாளராக வேலை பார்த்தார். 1941-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் சிட்னி ராபர்ட்சனை மணந்தார். 1942-இல் ஆளுநர் முழு மன்னிப்பு வழங்கினார்.

மற்ற இசையமைப்பாளர்களுக்கு அவர் என்ன செய்தார்?

1925-இல் கலிஃபோர்னியாவில் புதிய இசைக்கான ஒரு சங்கம் தொடங்கினார். 1927-இல் 'நியூ மியூசிக்' என்ற காலாண்டிதழ். அதில் கட்டுரைகள் கிடையாது, முழு இசைப்பிரதிகள்தான். வணிகப் பதிப்பகம் எதுவும் தொடாத கார்ல் ரகில்ஸ், ரூத் க்ராஃபோர்டு போன்றவர்களின் படைப்புகள் அதில் அச்சாயின. ஐவ்ஸின் நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி 1929-இல் வந்தது. காப்பீட்டுத் தொழிலில் நல்ல வசதி பெற்றிருந்த ஐவ்ஸ், பணம் கொடுத்து இதழைத் தாங்கினார். இன்று ஐவ்ஸை அமெரிக்க இசையின் பெரும்பெயராகக் கொண்டாடுகிறோம் என்றால் அதில் கவெலின் உழைப்பு பெரியது. 1955-இல் சிட்னியோடு சேர்ந்து ஐவ்ஸ் பற்றிய முதல் முழுநூலை எழுதியவரும் அவர்தான்.

பிற்காலத்தில் எளிமையாக எழுத ஆரம்பித்துவிட்டாரே, சோதனையைக் கைவிட்டுவிட்டாரா?

சிறைக்குப் பிந்திய படைப்புகளில் பழைய அமெரிக்கத் தேவாலயப் பாடல் பாணியை எடுத்து எழுதியவை நிறைய. கேட்க இதமாக இருக்கும். சிறை அவரை அடக்கிவிட்டது என்று சில விமர்சகர்கள் சொல்வார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. நாட்டுப்புற மெட்டு மீதான பிரியம் 'டைட்ஸ்' காலத்திலேயே இருக்கிறது. தவிர 1963-இல் எழுதிய '26 சைமல்டேனியஸ் மொசைக்ஸ்' படைப்பில் ஐந்து கலைஞர்கள் தங்கள் துண்டுகளை விரும்பிய வரிசையில், ஒருவரையொருவர் பொருட்படுத்தாமல் வாசிக்க வேண்டும். அடங்கிப்போனவர் எழுதுவதா அது?

பியானோ கற்றுக்கொடுக்கிறேன். மாணவர்களுக்கு இவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

முதலில் கேட்க வையுங்கள். 1963-இல் ஃபோக்வேஸ் வெளியிட்ட இசைத்தட்டில் கவெலே இருபது பியானோ படைப்புகளை வாசித்து, ஒவ்வொன்றையும் பற்றிப் பேசியும் இருக்கிறார். அவருடைய குரலில் உள்ள நிதானத்தைக் கேட்டாலே மாணவரின் பயம் பாதி போய்விடும்.

வாசிப்பதற்கு 'டைட்ஸ்' நல்ல தொடக்கம். மெட்டு எளியது, வேகம் குறைவு, இடைநிலை மாணவருக்கு எட்டும். முதல் வாரம் கொத்துகளை மட்டும் தனியாக, முடிந்தவரை மென்மையாக வாசிக்கச் சொல்லுங்கள். பலமாக இடிக்கும் ஆசையைத் தாண்டினால்தான் அந்த ஒலியின் அழகு வரும். அடுத்து 'ஏயோலியன் ஹார்ப்'. சத்தம் வராமல் கட்டையை அழுத்தும் பயிற்சி விரல்களுக்கு அபாரமான கட்டுப்பாட்டைத் தருகிறது, வேறு இசை வாசிக்கும்போதும் அது கைகொடுக்கும். ஐரிஷ் நடன மெட்டுத் துள்ளலோடு ஓடும் 'லில்ட் ஆஃப் தி ரீல்' கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு. 'டைகர்' கடினமானது, அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். கை உளைச்சல் வரும்.

மாணவர் தானாக ஒரு கொத்தையோ தந்தி ஒலியையோ கண்டுபிடித்து வந்து காட்டினால், அதை எப்படி எழுதி வைப்பாய் என்று கேளுங்கள். எழுதிக் கொண்டுவந்ததும், இதே ஒலியை வைத்து இன்னொரு துண்டு எழுதிவா என்று சொல்லி அனுப்புங்கள்.